வடநாட்டுக் குளிரில் நம் ஊர்ச் செடிகள்

தில்லி, சண்டிகர், லக்னோ, டேராடூன் போன்ற ஊர்களில் வாழும் நம்மவர் வீடுகளில், பொங்கல் கழிந்த கையோடு ஒரு காட்சியைக் காணலாம். பால்கனி ஓரத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. "குளிருக்குச் செத்துப்போச்சு" என்பார் வீட்டு அம்மாள். உள்ளூர் மாலியும் பார்த்துவிட்டு "மர் கயா" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பத்து நாளில் அது குப்பைக்குப் போகும். மழைக்காலத்தில் நர்சரியிலிருந்து இன்னொரு கன்று வரும். அடுத்த தையில் அதுவும் குச்சியாக நிற்கும்.

இப்படி வெளியே எறியப்படும் செடிகளில் பல உண்மையில் சாகவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. செத்தவற்றிலும் பலவற்றைக் குளிர் கொல்லவில்லை. குளிருக்குப் பயந்து நாம் செய்த உபசாரமே கொன்றிருக்கிறது.

நான் தோட்டக்கலை படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடநாட்டில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ரயில்வே குவார்ட்டர்ஸ் என்றால் பின்புறம் கொஞ்சம் மண்தரை இருக்கும்; மாற்றலாகிப் போன இடமெல்லாம் அதில் ஏதாவது வளர்த்து வந்தேன். வெப்பம், குளிர், தண்ணீர் ஆகியவற்றின் போக்கைப் பார்த்துப் பழகியது என் தொழில். செடியும் அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதான்.

பனி எங்கிருந்து வருகிறது?

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் பல பொருள்களைச் சமாளிக்கிறோம். புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி, மார்கழிக் காலையில் எதிரே வருபவரை மறைப்பதும் பனி, சிம்லாவில் விழுவதும் பனி. வடநாட்டார் இவற்றை ஓஸ், கோஹ்ரா, பர்ஃப் என்று பிரித்துச் சொல்வார்கள். நான்காவதாக 'பாலா' என்று ஒன்று சொல்வார்கள். அதுதான் உறைபனி. செடி வளர்ப்பவர்கள் அஞ்ச வேண்டியது இந்த நான்காவதற்குத்தான். மூடுபனியால் செடிக்கு அவ்வளவு கேடில்லை.

காரணம் எளியது. பகலில் வெயில் பட்டுச் சூடான மண்ணும் சுவரும் இலையும் இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கின்றன. மேகமோ மூடுபனியோ இருந்தால், அது ரஜாய் போர்த்தியது போல அந்தச் சூட்டைத் தடுத்துப் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வானம் துடைத்தாற்போலத் தெளிவாக இருந்து, காற்றும் அசையாமல் நின்றால், சூடு தடையின்றி வெளியேறிவிடும். அப்போது இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. அதன் மேல் ஈரம் படிகிறது. இலையின் குளிர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த ஈரமே வெண்பொடியாக உறைகிறது.

இதை எந்த ரயில் நிலையத்திலும் கண்ணால் பார்க்கலாம். தை மாத விடியற்காலையில், திறந்தவெளியில் நிறுத்திய தள்ளுவண்டியின் பலகை நனைந்திருக்கும்; சில நாள் வெள்ளை பூத்திருக்கும். பத்தடி தள்ளி நடைமேடைக் கூரைக்கு அடியில் நிற்கும் வண்டி காய்ந்திருக்கும். இரண்டையும் சுற்றி இருப்பது ஒரே காற்றுதான். ஒன்றுக்கு வானம் தெரிகிறது, மற்றொன்றுக்குத் தெரியவில்லை. செடியைக் காப்பதில் பாதி வேலை, அதன் கண்ணிலிருந்து இரவு வானத்தை மறைப்பதுதான்.

வானொலியிலும் செய்தித்தாளிலும் சொல்லும் குறைந்தபட்ச வெப்பநிலையை அப்படியே நம் தொட்டிக்குப் பொருத்தக் கூடாது. வானிலை நிலையத்தில் வெப்பமானியை, சட்டம் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் வைத்திருப்பார்கள். தெளிந்த இரவில் புல்தரை மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். ஆகவே 'நாலு டிகிரி' என்று செய்தி வந்தால், தரையோரச் செடிக்கு உறைபனி வரலாம் என்றே கொள்ள வேண்டும்.

தில்லியில் உறையும் குளிர் அபூர்வம், ஆனால் இல்லாததன்று. சஃப்தர்ஜங் நிலையத்தில் 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6 டிகிரி பதிவாகியிருக்கிறது. 2006 ஜனவரி 8 அன்று 0.2 டிகிரி, 2021 புத்தாண்டு நாளன்று 1.1 டிகிரி. நம் ஊர்ச் செடிகளுக்கோ உறைபனிதான் வர வேண்டும் என்பதில்லை. வெப்ப நாட்டுச் செடிகள் பலவற்றுக்கு 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே இலையின் உள்ளே கோளாறு தொடங்கிவிடும்.

கடுங்குளிர் எப்போது வரும் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. மேற்கிலிருந்து வரும் காற்றுக் கலக்கம் ஒன்று வடநாட்டைக் கடக்கும். சமவெளியில் இரண்டு தூறல் போடும். சிம்லா, முசௌரியில் பனி விழுந்ததாகப் படத்தோடு செய்தி வரும். அன்றைக்கு மேகம் இருப்பதால் இரவுக் குளிர் குறைவாகவே தெரியும். அது கடந்து, வானம் வெளுத்து, வடமேற்குக் காற்று வீசத் தொடங்கிய பின் வரும் இரண்டு மூன்று இரவுகளே ஆபத்தானவை. பேப்பரில் சிம்லா பனிப் படம் வந்த அன்றே சாக்கையும் பழைய வேட்டியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சூரியன் உதிக்கும் முன் உள்ள ஒரு மணி நேரமே உச்சக் குளிர். தண்டவாளம் சுருங்கி வெல்டு விட்டுப்போவதும் பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டித்தான். அதற்காகவே குளிர்கால ரோந்து என்று ஆட்களை இரவெல்லாம் பாதையில் நடக்கவிடுவோம்.

இடம் தேர்வதில் திசை முக்கியம். தில்லியில் டிசம்பர் 22 வாக்கில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. சென்னையில் அதே நாளில் 53 டிகிரிக்கு மேல் ஏறும். அதாவது இங்கே குளிர்கால வெயில் தெற்கிலிருந்து சாய்வாக வருகிறது. தெற்கு பார்த்த செங்கல் சுவர் பகலெல்லாம் அதை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும். அந்தச் சுவரை ஒட்டி, மேலே சன்ஷேடும் இருந்துவிட்டால், அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. வடக்கு பால்கனி மட்டுமே உள்ளவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தொட்டிகளை மொட்டை மாடிக்கோ தெற்கு ஜன்னலுக்கோ மாற்றிவிடுவது நல்லது.

தண்ணீர்

குளிர்கால நோய்க்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. ஜனவரிக் காலையில் பத்து மணிக்கு வெயில் வருகிறது. செடியைப் பார்த்தால் இலை தொங்கி வாடியிருக்கிறது. பார்த்தவுடன் நம் கை பூவாளிக்குத்தான் போகும். மண்ணைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று ஈரமாகவே இருக்கும்.

ஈரம் இருந்தும் ஏன் வாடுகிறது? வெப்ப நாட்டுச் செடியின் வேர், குளிர்ந்த மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கத் திணறும். இலையோ வெயில் பட்டவுடன் நீரை விடத் தொடங்கிவிடுகிறது. வரவு நின்று செலவு மட்டும் நடப்பதால் வாட்டம். மண் சற்றுச் சூடானதும் பிற்பகலில் தானே நிமிர்ந்துவிடும். இது புரியாமல் தினமும் தண்ணீர் விட்டால், மண்ணிலுள்ள காற்றிடமெல்லாம் நீரால் அடைபடும். வேர் மூச்சுத் திணறும். பூஞ்சணம் பிடித்து அழுகும். மேலே தெரிவது அதே வாட்டம்தான். ஆகவே இன்னும் ஒரு செம்பு தண்ணீர் விழும். குளிர் ஒரு பங்கு செய்த தீங்கை நாம் மூன்று பங்காக்குகிறோம். தொட்டிக்கு அடியில் தரை கறைபடாமல் இருக்க ஒரு தட்டும் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. டிசம்பர், ஜனவரியில் அந்தத் தட்டை எடுத்துவிடுங்கள், தரையைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். மே மாதத்தில் தினம் குடித்த பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஜனவரியில் பத்து நாளுக்கு ஒருமுறை போதும் என்று இருக்கும். விடுவதானால் பகல் பதினொரு மணிக்கு மேல் விடுங்கள். காலையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். ஒரு பக்கெட்டில் பிடித்து இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்துப் பிறகு ஊற்ற வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் எழலாம். வடநாட்டு விவசாயிகள் பாலா விழும் என்று தெரிந்தால் அன்று மாலை வயலுக்கு லேசாக நீர் பாய்ச்சுகிறார்களே, அது ஏன்? அது சரியான வழிதான், ஆனால் நிலத்துக்கு உரியது. ஈரமண் பகல் வெப்பத்தை அதிகம் வாங்கி வைத்திருந்து, அடியிலிருந்து மேலுக்கு எளிதில் கடத்தும். அடியில் பல அடி ஆழம் பூமி இருக்கிறது. தொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது? காற்றுதான். நாலு பக்கமும் குளிரும் ஒரு டப்பா அது. ஆகவே தரையில் நட்ட வாழைக்குப் பொருந்துவது தொட்டிக் கனகாம்பரத்துக்குப் பொருந்தாது.

உரத்திலும் இதே கவனம் வேண்டும். செப்டம்பர் கடைசிக்குப் பிறகு யூரியா, புண்ணாக்கு, மாட்டெரு எதுவும் போடாதீர்கள். அக்டோபரில் உரம் வாங்கிய செடி நவம்பரில் பச்சைத் தளிராக விடும். டிசம்பர் குளிரில் முதலில் கருகுவது அந்தத் தளிர்தான். கத்தரிப்பதும் கூடாது. வெட்டினால் தளிர் வரும் என்பதே காரணம்.

போர்வை

தொட்டிகளைத் தனித்தனியே அழகாக வரிசை வைப்பது மழைக்காலத்தோடு போகட்டும். குளிரில் எல்லாவற்றையும் சுவரோரம் நெருக்கி வையுங்கள். பெரியவை வெளிப்பக்கம், சிறியவை நடுவில். வெளித்தொட்டிகளைச் சாக்கால் சுற்றி, இடைவெளியில் காய்ந்த சருகையோ வைக்கோலையோ திணியுங்கள். தரையில் ஒரு பலகையோ இரண்டு செங்கல்லோ போட்டு அதன் மேல் தொட்டி நிற்கட்டும். நீரும் வடியும், மாடித் தளத்தின் குளிர்ச்சியும் ஏறாது.

மேலே போர்த்துவதற்குப் பழைய பருத்தி வேட்டி, படுக்கை விரிப்பு, சாக்கு இவையே சிறந்தவை. பாலிதீன் தாளைப் பலர் விரும்புகிறார்கள். மெல்லிய பாலிதீன், இரவில் வெளியேறும் வெப்பக் கதிரைப் பெருமளவு தன் ஊடே விட்டுவிடும். அதோடு, அது இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும். வேறு வழியில்லையென்றால் நாலு மூங்கில் குச்சி நட்டு, இலையில் படாமல் கூடாரம் போலக் கட்டி, மேலே ஒரு துணியையும் போடுங்கள். எந்தப் போர்வையானாலும் மாலையில் வெயில் சாயும் முன் போட்டு, காலை வெயில் வந்தவுடன் எடுத்துவிட வேண்டும்.

மொட்டை மாடியில் வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. குடிதண்ணீர் வரும் 20 லிட்டர் ஜார்கள் பழையன பத்து இருந்தால் அவற்றில் தண்ணீர் நிரப்பித் தொட்டிகளுக்கு இடையே வெயில் படும்படி வையுங்கள். மொத்தம் 200 லிட்டர். இரவில் அந்தத் தண்ணீர் 5 டிகிரி குளிர்ந்தால் 1000 கிலோகலோரி வெப்பம் வெளிவரும். மின்சாரக் கணக்கில் அது ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். 100 வாட் குண்டு பல்பு ஒன்று பதினொரு மணி நேரம் எரிந்ததற்குச் சமம். மேலே ஒரு துணிக் கூடாரம் இருந்தால் அந்த வெப்பம் செடிகளிடமே தங்கும். செலவு ஒரு பைசா இல்லை.

குளிருக்குச் சருகைக் கொளுத்திப் புகை போடும் பழக்கம் கிராமங்களில் உண்டு. நகரத்தில் அதைச் செய்யாதீர்கள். தலைநகர்ப் பகுதியில் இலைதழைகளைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை செய்திருக்கிறது; அபராதமும் உண்டு. சருகு தொட்டிகளைப் பொதியத்தான் வேண்டுமே, எரிப்பானேன்?

கறிவேப்பிலை

நம்மில் பலர் இதைத் தென்னாட்டுச் செடி என்றே நினைக்கிறோம். டேராடூன், கால்காவைச் சுற்றிய சிவாலிக் அடிவாரக் காடுகளில் இது தானாகவே புதர் புதராக முளைத்துக் கிடக்கிறது. அங்கே 'கந்தேலா' என்பார்கள். அந்த அடிவாரத்தின் குளிர் தில்லிக் குளிருக்குக் குறைந்ததன்று. அந்தப் புதர்கள் குளிர் முற்றும்போது இலையை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறியதும் துளிர்க்கின்றன. யாரும் போர்வை போர்த்துவதில்லை.

அப்படியானால் நம் பால்கனியில் மட்டும் ஏன் சாகிறது? காட்டில் அது சரிவான, கல் கலந்த, நீர் நிற்காத மண்ணில் வேர் விட்டிருக்கிறது. குளிர்காலத்தில் அதற்கு யாரும் தினம் தண்ணீர் ஊற்றுவதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. இலை உதிர்ந்த செடிக்கு நீர்ச் செலவே கிடையாது. அது தூங்குகிறது. தூங்குபவரைத் தட்டி எழுப்பித் தண்ணீர் குடிக்கச் சொல்வது போலத்தான் நாம் செய்வது. இலை கொட்டிய பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைச் செம்பு போதும்.

தொட்டிக் கலவையில் மூன்றில் ஒரு பங்காவது ஆற்று மணலோ செங்கல் தூளோ இருக்கட்டும். தொட்டி பதினான்கு அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் வேருக்குக் குளிர் உடனே எட்டாது. இடம் உள்ளவர்கள் தரையில் நட்டுவிடுவதே மேல். வேர் ஓடிய இடங்களில் பக்கக் கன்று முளைக்கும். மழைக்காலத்தில் அதை வேரோடு வெட்டி எடுத்து நண்பர்களுக்குத் தரலாம். விதையிலிருந்தும் வரும். ஆனால் கருத்துப் பழுத்த பழத்தைச் சதை நீக்கி, சில நாள்களுக்குள் விதைத்தாக வேண்டும். காயவைத்துப் பொட்டலம் கட்டி ஊரிலிருந்து தபாலில் அனுப்பும் விதை பெரும்பாலும் முளைக்காது.

எப்படியும் உதிரப் போகும் இலையை வீணாக்க வேண்டாம். டிசம்பர் முதல் வாரத்தில் முற்றிய இலைகளை மட்டும் காம்போடு பறித்து நிழலில் உலர்த்திப் பொடி செய்துகொள்ளுங்கள். கொத்தின் நுனி மொட்டைக் கிள்ளாதீர்கள்.

இன்னொரு குறை, இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது. இதையும் குளிரின் தலையில் போடுகிறோம். தில்லிப் பக்கத்து மண்ணும் நிலத்தடி நீரும் பெரும்பாலும் காரத்தன்மை உடையவை. அதனால் மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிட்டுவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் வீதம் கரைத்து, மார்ச்சுக்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டிக்கு ஊற்றினால் மாற்றம் தெரியும். நம் பாட்டிமார் புளித்த மோரை இதன் அடியில் ஊற்றியதிலும் அர்த்தம் உண்டு, புளிப்பு காரத்தைக் கொஞ்சம் தணிக்கும். அடுப்புச் சாம்பலை மட்டும் இந்தச் செடிக்குப் போடாதீர்கள். அது காரத்தை ஏற்றும்.

பூச்செடிகள்

குண்டுமல்லியை இங்கே மோகரா, பேலா என்பார்கள். இதுவும் தூங்கும் இனம்தான். ஊரிலிருந்து அத்தையோ சித்தியோ போனில், "கார்த்திகையிலேயே கவாத்து பண்ணிடு, பங்குனியில பூக்கும்" என்பார். தமிழ்நாட்டுக்கு அது சரி. இங்கே அப்படி வெட்டினால் வரும் துளிர் குளிரில் மாட்டிக்கொள்ளும். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள், குளிர் முதுகை மடக்கியதும், பாதி உயரத்துக்கு வெட்டி, எஞ்சிய பழைய இலைகளையும் உருவிவிட்டு, அதன் பிறகு எரு வையுங்கள். ஏப்ரலில் பூவுக்குக் குறைவிருக்காது.

கனகாம்பரம் கதையே வேறு. இது தூங்கத் தெரியாத செடி. குளிர் வந்தால் இலை ஊதாவாகிக் கருகி, தண்டோடு போய்விடும். நம் ஊர்ப் பூக்கடைகளில் 'டெல்லி கனகாம்பரம்' என்றே ஒரு ரகம் உண்டு. பெயரில் டெல்லி இருக்கிறதே என்று நம்பித் தில்லிக் குளிரில் வெளியே விட்டுவிடாதீர்கள். அந்த ரகம் விதை பிடிக்காது. தண்டுத் துண்டு வைத்துத்தான் பெருக்க வேண்டும். ஆகஸ்டில், காற்றில் ஈரம் இருக்கும்போது, பூக்காத நுனிக் கிளைகளை நாலு அங்குல நீளம் நறுக்கி, அடி இலைகளை எடுத்துவிட்டு, மணல் கலந்த சிறு தொட்டிகளில் நட்டு நிழலில் வையுங்கள். அக்டோபருக்குள் வேர் பிடித்துவிடும். நவம்பர் நடுவில் இந்தச் சிறு தொட்டிகளை வீட்டுக்குள் தெற்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். தாய்ச்செடி போனாலும் குடும்பம் போகாது. பூக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். பிப்ரவரி வரை உயிரோடு இருந்தால் போதும். விதை பிடிக்கும் சாதாரண ரகம் வைத்திருப்பவர்கள், காய்ந்த கதிரை ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். ஈரம் பட்டால் காய் படாரென்று வெடித்து விதையை வீசும். பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. மார்ச் கடைசியில் விதைக்கலாம்.

செம்பருத்தி இடைநடுவான செடி. இலை மஞ்சளாகும், பூ நிற்கும். கூரைக்கு அடியில் இருந்தால் பிழைக்கும்.

துளசியைப் பற்றி வடநாட்டுக்காரர்களிடமே கற்றுக்கொள்ளலாம். குளிர் வந்ததும் அவர்கள் துளசிக்குச் சிவப்புத் துணி போர்த்துவது வெறும் பக்தி மட்டுமன்று. வானத்தை மறைக்கும் கூரையாகவும் அது வேலை செய்கிறது. அக்டோபரிலிருந்தே பூங்கதிர்களைக் கிள்ளிவிட்டால் செடிக்குத் தெம்பு மிஞ்சும். நாலு கதிரை மட்டும் விதைக்கு விடுங்கள்.

வெற்றிலையும் மற்றவையும்

தாம்பூலத்துக்கு என்று ஊரிலிருந்து கொடி கொண்டுவந்து வளர்ப்பவர்கள் உண்டு. வெற்றிலைக் கொடி 10 டிகிரிக்குக் கீழே இலை உதிர்க்கும். உறைபனியில் கொடியே போய்விடும். புந்தேல்கண்டின் மகோபாவில் வெற்றிலைப் பயிருக்கு 'பரேஜா' என்று மூங்கில் சட்டம் கட்டி, மேலும் பக்கமும் புல்லால் வேய்ந்து, ஒரு வீடே எழுப்பிவிடுகிறார்கள். கோடையில் வெயிலையும் லூ காற்றையும், குளிரில் பாலாவையும் அந்த ஒரே வீடு தடுக்கிறது. நம் வீட்டு ஒரு கொடிக்கு, வெளிச்சம் வரும் சமையலறை ஜன்னலே பரேஜா. அங்கே சூடும் ஆவியும் தினமும் இலவசம்.

முருங்கையைத் தரையில்தான் வைக்க வேண்டும். இளங்கன்றின் தண்டில் மூன்றடி உயரம் சாக்கு சுற்றினால் நுனி கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். வாழையின் இலை உறைபனியில் வெந்தது போலத் தொங்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று அதை வெட்டிவிடாதீர்கள். தொங்கும் காய்ந்த இலையே தண்டுக்குப் போர்வை. கிழங்கு அடியில் பத்திரமாக இருக்கும். குலை தள்ளும் பருவம் டிசம்பரில் வந்தால்தான் தொல்லை. குளிரில் தார் கழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். நடும் மாதத்தை மாற்றிப் பார்ப்பதே வழி.

மஞ்சளுக்குக் கிழங்கு அடியில் இருப்பதால் ஆபத்தில்லை. பொங்கல் பானைக்குக் கட்டப் பச்சைக் கொத்து வேண்டுமே, இலையோ மார்கழியிலேயே காய்ந்துவிடுகிறது. ஏழெட்டுக் கிழங்கை ஒரு தொட்டியில் மற்றவற்றைவிட ஒன்றரை மாதம் தாமதமாக நட்டு, தெற்குச் சுவரோரம் இரவுப் போர்வையோடு வைத்தால் தை முதல் நாளுக்கு இரண்டு கொத்தாவது பச்சையாகக் கிடைக்கும்.

ஊரிலிருந்து கன்று கொண்டுவருவது நம் எல்லோருக்கும் உள்ள ஆசை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணத்தைக் கன்று தாங்கும். டிசம்பர் விடுமுறையில் கொண்டுவந்தால், 24 டிகிரியில் ஏறிய கன்று 5 டிகிரியில் இறங்கும், அதைத் தாங்காது. ஜூலை, ஆகஸ்டில் வருபவரிடம் சொல்லி அனுப்புங்கள், அல்லது மார்ச்சில்.

மலையூர்களில்

சிம்லா, முசௌரி போன்ற இடங்களிலும், மலைக் கன்டோன்மென்ட்களிலும் இருக்கும் அன்பர்களுக்கு வெளித்தோட்டம் மார்ச்சு வரை கிடையாது. எல்லாமே தொட்டியில், தெற்கு ஜன்னலில்தான். பகலில் கண்ணாடியை ஒட்டி வைத்து, இரவில் ஓரடி உள்ளே இழுத்துத் திரைச்சீலைக்கு இப்புறம் வைக்க வேண்டும். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் மாட்டிய செடி வெளியே நிற்பதற்குச் சமம். ஹீட்டர் முன்னால் வைக்காதீர்கள்.

செடிக்கும் ஆகட்டும், நமக்கும் ஆகட்டும் என்று கரி அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துபவர்கள் உண்டு. கரி முழுதாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையோ நிறமோ இல்லை. உறக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வடநாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிக் குடும்பத்தோடு போனவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. செடி போனால் வேறு செடி வாங்கலாம்.

ஹோலிக்குப் பிறகு

பிப்ரவரி கடைசியில் செடியின் உயிரைச் சோதிக்கலாம். கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தெரியும் இடத்துக்கு அரை அங்குலம் மேலே வெட்டிவிடலாம். மேலே எங்குமே பச்சை இல்லாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம், மண்ணுக்கு அடியில் வேரிலிருந்து முளை வரும் இனங்கள் நம்முடையவற்றில் அதிகம்.

ஹோலி முடிந்து இரவுக் குளிர் 15 டிகிரிக்கு மேல் நின்றதும் தண்ணீரை மெல்லக் கூட்டுங்கள். உள்ளே இருந்த செடிகளை ஒரே நாளில் முழு வெயிலில் தள்ளாமல், முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு அரை நாள் என்று பழக்குங்கள். முதல் துளிர் அரை அங்குலம் வந்த பின்பே எரு. அதற்கு முன் போட்டால் உறிஞ்ச ஆள் இல்லை.

தூக்கி எறிவதற்குக் கெடு சித்திரை முதல் நாள். ஏப்ரல் 14 வரை துளிர்க்காத செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் வெளுத்து உறுதியாக இருந்தால் புது மண்ணில் திரும்ப வைத்து இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம். கறுத்து, விரலால் இழுத்தால் தோல் கையோடு வந்தால் அது அழுகியது. அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் போடாமல் வெயிலில் பரப்பிக் காயவிடுங்கள்.